சீப்போடு வந்த முடி

பாலகோபால் தன்னுடையதல்லாத ஒன்றைச் சாமிக்கு நேர்ந்துவிட்டு, அதை உடையவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒன்றரை வருடமாக முழித்துக்கொண்டிருந்தார். நேர்ந்தது ஆடோ கோழியோ அல்ல, அவர் மனைவி ராமாமணியின் தலைமுடி. அதுவும் நேர்ந்துகொண்ட அன்றைக்கு அவள் தலையில் ஒரு முடிகூட இல்லை.

மனிதர் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மார்பில் வந்த கட்டிக்காக மார்பையே எடுத்தபின் ஏற்றிய மருந்தின் மூன்றாவது சுற்றில் ராமாமணிக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பிவிட்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டார்கள். வெளியே நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இவர். எதிர்ச்சுவரில் ஏதோ ஒரு நகைக்கடையின் காலண்டர், அதில் பழனியாண்டவர் தண்டூன்றி நின்றுகொண்டிருந்தார். வீட்டுத் தெய்வம் என்னவோ பெருமாள்தான். ஆனால் அந்த நேரத்துக்குக் கண்ணெதிரே இருந்தது மருமகன். மருமகனிடம் முறையிட்டால் மாமன் கோபித்துக்கொள்ளவா போகிறார்? 'இவ பொழச்சு எந்திரிச்சு, ஒரு வருசம் கழிச்சு எடுக்கற ஸ்கேனும் நல்லபடியா வந்துருச்சுன்னா, இவளுக்கு மறுபடி மொளைக்கற முடியை முழுசா உன்ற மலைக்குக் கொண்டாந்து குடுத்துபோடறேன் சாமி' என்று காலண்டரைப் பார்த்து முணுமுணுத்தார்.

கோயமுத்தூர்ப் பக்கத்தில் அடுத்தவர் தலையை நேர்ந்துகொள்வது ஒன்றும் புதிதில்லை. அம்மாக்கள் பிள்ளைகளின் தலையை நேர்வார்கள், மாமியார்கள் மருமகள்களின் தலையை நேர்வார்கள். தலைக்குச் சொந்தக்காரரைக் கேட்கும் வழக்கம் மட்டும் கிடையாது. பாலகோபால் கேட்க நினைத்திருந்தாலும் அன்றைக்குக் கேட்டிருக்க முடியாது. அதற்குப் பிறகும் அவர் கேட்கவில்லை.

ராமாமணி பிழைத்தாள். மருந்து நின்ற மூன்றாம் மாதம் அவள் தலையில் கருநீலமாக ஒரு நிழல் படிந்தது. ஐந்தாம் மாதம் அந்த நிழல் வளையத் தொடங்கியது.

ஐம்பத்து மூன்று வருடம் அவளுக்கு இருந்தது கோரை முடி. எண்ணெய் வைத்தால் மண்டையோடு ஒட்டிக்கொள்ளும், பின்னினால் எலிவால் ஆகும், மல்லிகைச்சரம் வைத்தால் படியிறங்குவதற்குள் நழுவித் தோளில் கிடக்கும். இப்போது வந்ததோ சுருள் சுருளாகப் பிடரியை மூடிக்கொண்டு வந்தது. "சிலருக்கு இப்படி வரும்மா. கொஞ்ச நாள்ல பழையபடி ஆனாலும் ஆகும், ஆகாமலும் போகும்" என்று டாக்டரம்மா சிரித்தார். ராமாமணி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் உட்கார்ந்து, காதோரத்துச் சுருள் ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்து விட்டாள். அது துள்ளிப் போய்ப் பழைய இடத்தில் சுருண்டுகொண்டது. மறுபடி இழுத்து விட்டாள். மத்தியானம் சோறு ஆறும்வரை இதே வேலை.

ஆர்.எஸ்.புரத்தில் அப்பா காலத்து வீட்டின் கூடத்தில் பேப்பருக்குப் பின்னாலிருந்து பாலகோபால் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருடம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவளின் முகத்தில் யாரோ புதுப்பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க இவருக்குக் கூச்சமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் மனிதர் சொந்தப் பெண்டாட்டியின் மேல் ஆசைப்படத் தொடங்கிவிட்டார், விஷயம் அவ்வளவுதான்.

ஜூன் மாதத்தில் ஸ்கேன் முடிவு வந்தது. எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ராமாமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பாலகோபாலுக்கு உயிர் வந்தது. அதே நொடியில் நடைவழிக் காலண்டரும் ஞாபகம் வந்தது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். சீப்பைப் பற்றித் தெரிந்தால் அப்படித் தோன்றாது.

கல்யாணமான நாள் முதலாக அவளுக்குத் தலை சீவிவிட்ட புருஷன் என்று இவரை நினைத்துவிட வேண்டாம். வீட்டில் சீப்பு எங்கே இருக்கும் என்றே இவருக்குத் தெரியாது. அறுவைக்குப் பிறகு அவளுடைய இடது கை தோளுக்கு மேலே எழவில்லை. ஒரே மகள் ஷ்ரவ்யா பெங்களூரில். ஆகவே சீப்பு இவர் கைக்கு வந்தது. முதல் சுற்று மருந்து ஏற்றிய இரண்டாவது வாரம் ஒருநாள் காலையில் சீப்பை இழுத்தபோது, சீப்போடு ஒரு கை முடியும் வந்துவிட்டது. அவளுக்கு வலிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இவர் சத்தம் காட்டாமல் அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கணபதியில் இருக்கும் தன் பட்டறைக்கு, மோட்டார்களுக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டும் பட்டறைக்குப் போகும் வழியில் அதைச் சாக்கடையோரம் போட்டுவிட்டு, வண்டியை நிறுத்தி, அழுதார். அன்றிலிருந்து அதே பழக்கம். சீப்போடு எது வந்தாலும் அவள் கண்ணில் படாமல் பைக்குள் போய்விடும். பல நாள் எடுத்துப் போட மறந்தும் போவார். அப்படிப்பட்டவர் எந்த வாயால் "மறுபடி மொட்டை" என்று சொல்வார்?

போதாக்குறைக்கு இந்தப் புது முடியைச் சீவத் தெரியாமல் வீடே திண்டாடியது. பழைய சீப்பால் உச்சியிலிருந்து சீவினார். முடி பிரிந்து பிரிந்து நாலாபக்கமும் எழும்பி, உறை கிழிந்த பஞ்சுத் தலையணை மாதிரி நின்றது. ராமாமணி கண்ணாடியைப் பார்த்துவிட்டு முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். அவளுடைய அக்கா வெங்கடம்மாள் போனில், "வெளக்கெண்ணெயை நல்லா வழிச்சு வெச்சு இறுக்கிப் பின்னிப்போடு, அடங்கிக்கும்" என்றாள். அடங்கவில்லை. ஷ்ரவ்யா கூரியரில் ஒரு வட்ட பிரஷ் அனுப்பினாள். அதை வைத்து ஒரு சுற்றுச் சுற்றியவுடன் பிரஷ் முடிக்குள் போய்க் குடியேறிவிட்டது, வெளியே வர மறுத்தது. பாலகோபால் பிடியைப் பிடித்து இழுக்க, ராமாமணி "அய்யோ அய்யோ" என்க, அந்தச் சத்தத்தில் மாடியில் வாடகைக்கு இருந்த பெண் இறங்கி ஓடிவந்தாள்.

மாடிப் பெண்ணின் பெயர் யுவஸ்ரீ. வேளாண் பல்கலைக்கழகத்தில் விதை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சொந்த ஊர் உடுமலைப் பக்கம். அவள் அம்மா தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்து இவளைப் படிக்க வைத்தவள். வாடகைக்குக் கேட்டு வந்த அன்றைக்கு, ஊர் எது, ஊருக்குள் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்தார் என்று சுற்றிச் சுற்றி விசாரித்தவர் பாலகோபால். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டே, ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டவள் யுவஸ்ரீ. கேட்கக் கூடாததையெல்லாம் கேட்பதும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதும் இந்த மனிதரின் குணம்.

யுவஸ்ரீயின் தலையில் இருந்ததும் சுருட்டை முடிதான், பிறவியிலேயே.

"அங்கிள், விடுங்க. இழுக்காதீங்க. காய்ஞ்ச சுருட்டை முடியில பிரஷ்ஷும் படக்கூடாது, சீப்பும் படக்கூடாதுங்க."

"அப்புறம் எதுலதான் சீவறது அம்மணி?"

"சீப்புலதானுங்க. பல்லு அகலமா இருக்கோணும். தலை ஈரமா இருக்கறப்ப, கண்டிஷனர் போட்டு வழவழன்னு இருக்கறப்ப மட்டும். அதுவும் உச்சியில தொடங்கக் கூடாதுங்க. நுனியில தொடங்கி, சிக்கை எடுத்து எடுத்து மேல வரோணும். அப்புறம் காயறவரைக்கும் கையே வெக்கக் கூடாது. துண்டுல தேய்க்கவும் வேண்டாம், பழைய பனியன் இருந்தா அதுல ஒத்தி எடுங்க."

பேசிக்கொண்டே ராமாமணியின் தலையில் தண்ணீர் தெளித்து, முடியை இழை இழையாகப் பிரித்து, கால் மணி நேரத்தில் பிரஷ்ஷை வெளியே எடுத்துவிட்டாள். அவளுடைய விரல்கள் தன் மனைவியின் தலைக்குள் அவ்வளவு பதமாகப் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அன்றைக்குக் கேட்ட கேள்விகளை நினைத்துப் பாலகோபாலுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கத் தொழில் பேசினார்.

"காயில் கம்பி சிக்கிக்கிட்டாலும் அப்படித்தான் அம்மணி. நடுவுல புடிச்சு இழுத்தா மேல்பூச்சு உரிஞ்சுபோகும். முனையிலருந்துதான் வரோணும்."

"அப்ப உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்ங்க அங்கிள். சீப்பை மட்டும் மாத்துங்க போதும்."

சீப்பு மாறியது. அதோடு அந்த வீட்டின் காலை நேரமும் மாறிப்போனது.

ஆனி பிறந்து மேற்கிலிருந்து சாரல் இறங்கத் தொடங்கியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊருக்குள் நுழைந்து கொய்யா மரத்தை ஓயாமல் அசைத்தது. கொல்லைப்புறக் கூரைக்குக் கீழே ஸ்டூலில் ராமாமணி ஈரத்தலையோடு உட்காருவாள். பின்னால் பாலகோபால், தோளில் தன் பழைய பனியன், கையில் அகலப் பல் சீப்பு. நுனியில் தொடங்குவார். ஒரு சிக்கு. அதை அவிழ்த்தபின் இரண்டு விரற்கடை மேலே. இன்னொரு சிக்கு. அவசரமில்லை. பட்டறைக்குப் பத்து மணிக்குப் போனால் போதும், பதினொன்றுக்குப் போனாலும் யாரும் கேட்கப் போவதில்லை. சீப்பு கீழிருந்து மேலே வரவர ராமாமணியின் கண்கள் சொக்கும். பாதித் தூக்கத்தில், அன்று விடிகாலையில் கண்ட கனவுகளைச் சொல்லத் தொடங்குவாள்.

"கருமத்தம்பட்டியில எங்க ஊட்டு மாடியில நிக்கறனுங்க. கீழ தறிச் சத்தம் கேக்குது. எறங்கிப் பாத்தா தறிக்கு ஆளே இல்ல, அதுவா ஓடுது. ஓடறது நூலு இல்லீங்க, என்ற முடி. துணி சுருண்டு சுருண்டு வாசப்படி தாண்டி அவினாசி ரோட்டு மேல போகுது. பஸ்ஸெல்லாம் நின்னு வழி உடுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீங்க வந்து எழுப்பிபோட்டீங்க."

இன்னொரு நாள் கனவில் வீட்டு மாடிப்படி சுருளாகிவிட்டதாம். ஏற ஏற முடியவில்லையாம், ஆனால் கால் வலிக்கவும் இல்லையாம். மேலே போகப்போகக் காற்று இனித்ததாம். "இடது கையை இப்படித் தூக்கி மேகத்தைத் தொட்டனுங்க" என்று சொல்லி, நிஜத்தில் எழாத அந்தக் கையைத் தூக்கத்திலேயே கொஞ்சம் அசைத்தாள். பாலகோபால் சீப்பை நிறுத்திவிட்டு அந்தக் கை தானாக இறங்கும்வரை காத்திருந்தார். பிறகு மறுபடி தொடங்கினார். இந்த அரைமணி நேரத்துக்காகவே அவருக்கு விடிந்தது. சீப்போடு வந்த மூன்று நான்கு முடிகளை வழக்கம்போல் பையில் போட்டுக்கொண்டார்.

அவருக்கும் ஒரு கனவு வந்தது. பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் காயில் கம்பி உருளைகளுக்கு நடுவே கண்ணயர்ந்தபோது, பழனி மலைப்படி தெரிந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு சுருள் முடி ஈரத்தோடு கிடந்தது. மிதித்துவிடாமல் தாண்டித் தாண்டி ஏறினார். உச்சியில் ஒருவர் கத்தியோடு உட்கார்ந்து, முகம் நிமிராமல் கேட்டார்: "இது யாரோடதுங்க?" என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. என் சம்சாரத்துடையது என்று சொல்லவும் வரவில்லை. பின்னால் வரிசை மலையடிவாரம்வரை நீண்டு நின்றது. எழுந்தபோது சட்டை முழுக்க வியர்வை.

இனியும் தள்ளிப்போட்டால் ஆண்டவர் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆடி மாதம் முதல் வாரம் ஒரு புதன்கிழமைக்கு வாடகைக் கார் சொல்லிவிட்டு, "பழனிக்குப் போயிட்டு வந்துரலாம் ராமு" என்று மட்டும் சொன்னார். மிச்சத்தை மலையடிவாரத்தில் சொல்லிக்கொள்ளலாம், அங்கே சாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் மாட்டேன் என்பார்கள் என்பது அவர் கணக்கு. கோழைத்தனம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

ராமாமணிக்குக் கொள்ளைச் சந்தோஷம். மாம்பழ நிறத்தில் புதுப்புடவை எடுத்து வைத்தாள். யுவஸ்ரீ முதல்நாளே இரண்டு முழம் மல்லிகை வாங்கி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். "ஆன்ட்டி, மலை மேல காத்து பலமா அடிக்கும்ங்க. கிளிப் வேணுங்களா?"

"வேண்டாம் கண்ணு. பறந்தாப் பறக்கட்டும். எத்தனை தடவை அந்த மலைக்குப் போயிருக்கறேன், ஒருதடவையாச்சும் என்ற முடி பறந்திருக்குதா?"

பாலகோபால் கூடத்தில் நின்று இதைக் கேட்டார்.

புதன்கிழமை காலை, சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. அதே ஸ்டூல், அதே பனியன். நுனியில் தொடங்கினார். இரண்டு சிக்கு, மூன்று சிக்கு. பிடரியருகே சீப்பு நின்றுவிட்டது. சிக்கு பெரிதாக ஒன்றுமில்லை, அவர் கைதான் நின்றுபோனது.

"ராமு."

"ம்." கண் திறக்கவில்லை.

"இந்த முடியை நான் பழனிக்கு நேந்துக்கிட்டேன்."

"எந்த முடியைங்க?"

"இதைத்தான். முழுசா. இன்னைக்குப் போறது அதுக்குத்தான்."

கொய்யா இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. ராமாமணி எழுந்தாள். சீப்பு அவள் தலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி அவரைப் பார்த்தாள். நல்ல நேரத்தில் தமிழும் கெட்ட நேரத்தில் வீட்டுத் தெலுங்கும் பேசுகிறவள் அவள். அப்போது வந்தது தெலுங்கு. அதை இங்கே எழுதாமல் விடுவதுதான் மரியாதை. அது முடிந்ததும் தமிழுக்கு வந்தாள், ஒரு 'ங்க' குறையாமல். பாலகோபாலுக்கு அந்தத் தெலுங்கே பரவாயில்லை என்றிருந்தது.

"எப்பங்க நேந்தீங்க?"

"நீ உள்ள கெடந்தப்ப."

"அப்ப என்ற தலையில ஒரு முடியாச்சும் இருந்துச்சுங்களா?"

"இல்ல."

"இல்லாததை எடுத்துக் குடுத்தீங்களாக்கும்."

"பயமா இருந்துச்சு ராமு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ கெடக்கறே. என்ற கிட்ட வேற என்ன இருந்துச்சு குடுக்கறதுக்கு?"

ராமாமணி சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இம்முறை அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"கேளுங்க."

"என்னத்தை?"

"அன்னைக்குக் கேக்க முடியல, சரி. இப்பக் கேளுங்க. குடுக்கறயான்னு என்னைக் கேளுங்க."

முப்பத்திரண்டு வருடத்தில் பாலகோபால் அவளிடம் எதையும் கேட்டதில்லை. வீட்டுக்கு என்ன சாயம் அடிப்பது, ஷ்ரவ்யா எந்தக் காலேஜில் சேர்வது, அறுவை எந்தத் தேதியில், எல்லாம் அவர் முடிவெடுத்துச் சொல்வார், அவள் தலையாட்டுவாள். நல்ல மனிதர்தான். கேட்டுத்தான் பழக்கமில்லை. பனியனைக் கையில் முறுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கவைத்த பையன்போல் நின்று கேட்டார்.

"ராமு, உன்ற முடியைப் பழனிக்குக் குடுக்கறயா?"

"மாட்டேனுங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கேட்கச் சொன்னவள் கொடுப்பதற்குத்தான் கேட்கச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள் ராமாமணி. "மாரை எடுக்கோணும்னாங்க. கையெழுத்து நீங்க போட்டீங்க. மருந்து ஏத்தோணும்னாங்க. அதுக்கும் நீங்கதான் போட்டீங்க. நல்லதுக்குத்தான் போட்டீங்க, அதனாலதான் இன்னைக்கு இங்க உக்காந்திருக்கறேன். எனக்குத் தெரியாதுங்களா? ஆனா இது மட்டும் யாரு கையெழுத்தும் இல்லாம அதுவா வந்துச்சுங்க. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படிச் சுருண்டு இருக்குமோ, அதுவும் தெரியாது. இருக்கறவரைக்கும் இது என்ற முடிங்க."

"கட்டி மறுபடியும் வந்துருச்சுன்னா?" இத்தனை நாள் சீவும்போதெல்லாம் அவர் கேட்காமல் விழுங்கியது அந்த ஒரு கேள்விதான்.

ராமாமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தா வருது. அன்னைக்கும் நீங்கதான சீவிவிடப் போறீங்க?" திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள். "சிக்கு பாதியில நிக்குது பாருங்க. எடுங்க."

எடுத்தார். கண் மறைத்ததால் நேரமானது. முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் போய்ச் சொல்லிட்டாவது வாரேன்" என்றார். "சொல்லிட்டு வாங்க" என்றாள். காரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, உக்கடத்தில் பழனி பஸ் ஏறினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம். பொள்ளாச்சி தாண்டியதும் மழை கண்ணாடியில் கோடு கோடாக ஓடியது. உடுமலைக்கு முன்னால் காற்றாலைகள் மழைக்குள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. தூங்கினாரா விழித்திருந்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. தென்னந்தோப்புகள் வந்தன, போயின. எந்த நொடியில் மலை தெரிந்ததென்றும் தெரியவில்லை, பார்த்தால் மேகத்துக்குள் அது அங்கே நின்றுகொண்டிருந்தது.

அடிவாரத்து முடிக் கொட்டகையில் அவர் முறை வந்தபோது, முடி எடுப்பவர் அவர் தலையைப் பார்த்துவிட்டு ஒரு கணம் யோசித்தார். பாலகோபாலின் உச்சி எப்போதோ வழுக்கையாகிவிட்டது. பின்னால் காதிலிருந்து காதுவரை ஒரு வரிசை, அவ்வளவுதான்.

"ஏனுங்க, இதுல எடுக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

"இருக்கறதை எடுங்க. மீசையையும் சேத்து எடுத்துருங்க."

மீசை முப்பத்தைந்து வருடத்து மீசை. அது போனதும் மேலுதடு குளிர்ந்தது. குளித்துவிட்டுச் சந்தனம் பூச உட்கார்ந்தவர், கைக்குட்டைக்காகச் சட்டைப் பையில் கைவிட்டார். கைக்குட்டையோடு காலையில் சீப்போடு வந்த முடியும் வந்தது. ஐந்து முடி, ஒவ்வொன்றும் வளையமாக. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் வலை போட்ட பெரிய தொட்டியில் ஊர் உலகத்தின் முடியெல்லாம் குவிந்து கிடந்தது. கை தானாக அந்தப் பக்கம் போயிற்று. பாதியில் நிறுத்தி, இன்னொரு கையால் போனை எடுத்தார்.

"ராமு, உன்னைய ஒண்ணு கேக்கோணும்."

"மறுபடியுமா?"

"இது வேற. காத்தால சீப்போட வந்த முடி அஞ்சு என்ற பையில இருக்குது. அதை மட்டும் இங்க போடட்டுமா? வேண்டாம்னாத் திருப்பிக் கொண்டாந்தர்றேன்."

"சீப்போட வந்தது உங்க பையில எதுக்குங்க இருக்குது?"

பொய் எதுவும் வாயில் வரவில்லை. "நீ பாத்தாப் பயந்துக்குவேன்னு. மொத நாள்லருந்தே எடுத்து வெச்சுக்குவேன்."

ராமாமணி சிரித்தாள். சிரிப்பாகத் தொடங்கியது சிரிப்பாக முடியவில்லை.

"உங்க சட்டையெல்லாம் மிசின்ல போடறதுக்கு முன்னாடி பையை யாருங்க பாக்கறா? ஒவ்வொரு பையிலயும் இருக்கும். நீங்க மறைக்கறீங்கன்னு தெரிஞ்சுது. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னு, நானும் திரும்பிப் பாக்காமயே உக்காந்திருந்தேன்."

சீப்போடு முடி வந்த அத்தனை காலைகளிலும் அவள் திரும்பாமல் இருந்தது ஏனென்று பாலகோபாலுக்கு இப்போதுதான் புரிந்தது.

"கேட்டீங்களே, அது போதும்" என்றாள் அவள். "போடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லிப் போடுங்க. சீக்கிரமா ஊட்டுக்கு வாங்க. அந்த மொட்டை எப்படி இருக்குதுன்னு நான் பாக்கோணும்."

தொட்டியருகே போனார். விளக்குமாற்றோடு நின்றிருந்த ஆள் இவருடைய மழித்த தலையையும், நீட்டிய உள்ளங்கையிலிருந்த ஐந்து முடியையும் மாறி மாறிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காவிட்டாலும் பாலகோபாலுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"என்ற சம்சாரத்தோடதுங்க. கேட்டுத்தான் கொண்டாந்தேன்."